நாயகிக்கு நாடி எழுபத்திரண்டு

ஆனி 2

இன்று காலை இரண்டு முறை தும்மினேன். நண்பகலுக்குள் கடற்கரைத் தெருவில் பாதி வீடுகளில் கட்டில்களை மாடிக்கு ஏற்றிவிட்டார்கள் என்று செங்கமலம் சொன்னாள்.

செங்கமலம் என் நாடி பார்ப்பவள். மூன்று வேளையும் மணிக்கட்டைப் பிடித்து எண்ணி, எண்ணிக்கையை ஒரு சீட்டில் எழுதிக் காவலனிடம் கொடுப்பாள். கால் மணி நேரத்தில் கோபுரத்து ஒலிபெருக்கி முழங்கும்: "நாயகிக்கு நாடி எழுபத்திரண்டு. கடல் கட்டுக்குள் உள்ளது." அதைக் கேட்ட பிறகுதான் ஆழிமுனையில் அடுப்பு மூட்டுவார்கள்.

"எதுக்கும்மா ரெண்டு தரம் தும்முனிய? ஒண்ணோட நிறுத்திருக்கலாம்லா?"

"மூணாவது ஒண்ணும் கைவசம் இருக்கு. வேணும்னா முன்கூட்டியே சீட்டுல எழுதிக்கோ."

கடல்காப்புத் துறைக்கு நான் நாள்தோறும் எழுதிக் கொடுக்கும் குறிப்பேடு வேறு. அதில் உணவு, உறக்கம், மலம் என்று மூன்றே தலைப்புகள். இது எனக்காக எழுதுவது. என்றேனும் ஆவணக் காப்பகத்தில் ஒருவர் இதைப் பிரிப்பார். அவர் எதுவும் அறியாதவராகத்தான் இருப்பார் என்ற நியாயமான அனுமானத்தில் எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறேன்.

எங்கள் நாட்டில் பிறக்கும் ஒவ்வொருவருக்கும் வாழ்நாளில் ஒரே ஓர் ஆணை உண்டு. மனிதரைத் தவிர எதனிடமும் அதைச் சொல்லலாம். சொன்னவர் உயிரோடு இருக்கும்வரை சொல்லப்பட்டது கீழ்ப்படியும். இவ்வளவு பெரிய வரத்தைப் பதினெட்டு வயதுக்குள் வீணாக்காதவர்கள் மிகக் குறைவு. செங்கமலத்தின் கணவர் தம் தலைமுடியைப் பார்த்து "உதிராதே" என்றார். உதிரவில்லை, கத்தரிக்கோலுக்கும் உதிரவில்லை. இன்று அதை ஆறு சுற்றாகச் சுற்றி முண்டாசு கட்டிக்கொண்டு அலுவலகம் போகிறார். மாளிகைச் சமையற்காரர் தம் இளமையில் பால்சட்டியிடம் "பொங்காதே" என்றார். அந்தச் சட்டியில் பால் இன்றுவரை சூடாகவே இல்லை.

இத்தகைய அறிவாளிகள் வாழும் ஊரில், கடலிடம் "நில்" என்று சொல்ல ஒருத்தி தேவைப்படுகிறாள். கடல் ஒருநாள் ஊருக்குள் வந்துவிடும் என்று முந்நூறு ஆண்டுகளுக்கு முன் யாரோ சொன்னார்கள். அன்றிலிருந்து தலைமுறைக்கு ஒரு பெண், ஆணையைச் செலவிடாத பதினேழு வயதுக்காரி, கடலுக்கு ஆணையிட்டுக் கரைநாயகி ஆகிறாள். அவள் இறந்தால் ஆணையும் அவளோடு இறந்துவிடும். ஆகவே அவள் இறக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு துறை, ஆயிரத்து நூறு ஊழியர்கள், ஒரே வாசலுள்ள ஒரு மாளிகை. காவியங்களில் நாட்டுக்காக உயிரைக் கொடுப்பார்கள். இங்கே உயிரைக் கொடுக்கக் கூடாது, அதுதான் தண்டனை.

எனக்கு வயது எழுபத்தாறு. ஐம்பத்தொன்பது ஆண்டுகளாக நான் கரைநாயகி. பெயர் அஞ்சுகம். அதைச் சொல்லி அழைப்பவர் எவரும் மிச்சமில்லை.

ஆனி 3

கடல்காப்புத் துறையின் இயக்குநர் பூவராகன் வந்தார். விதிப்படி எட்டடிக் கோட்டுக்கு அப்பால் நின்றார். எனக்கு யாருடைய மூச்சும் பட்டுவிடக் கூடாது.

"அம்மா, உங்க ஆரோக்கியத்துல துறைக்கு முழு நம்பிக்கை இருக்கு."

"சரி."

"அதனால அடுத்த நாயகியைத் தேர்ந்தெடுத்துட்டோம்."

உப்பளத்துப் பெண்ணாம். வடிவு என்று பெயர். தேர்வு முறை மிக அறிவியல்பூர்வமானது: நான்கு தலைமுறைக்கு மூதாதையர்களின் ஆயுளைக் கூட்டி, மிக அதிகமாக வரும் குடும்பத்தை எடுத்துக்கொள்வார்கள். இவளுடைய கொள்ளுப்பாட்டி நூற்று நான்கு வயதில் இன்னும் சந்தையில் கருவாடு விற்கிறாளாம். "குறைஞ்சது எண்பது வருஷம் தாங்கும் அம்மா," என்றார், வீட்டுக்குத் தேக்கு உத்தரம் வாங்கியவரைப் போல. ஆடி முதல் நாள் சடங்கு. அதுவரை பெண் என் அடுத்த அறையில் தங்குவாள்.

இரவு உணவு: உப்பில்லாத கஞ்சி. கடலைக் காப்பவளுக்கு உப்பு ஆகாது. இந்த நகைச்சுவையை ஐம்பத்தொன்பது ஆண்டுகளில் துறையில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

ஆனி 6

வந்துவிட்டாள். வெயிலில் வெந்த நிறம், நீச்சல்காரியின் தோள், உப்பு அரித்த பாதங்கள். கையில் துணி மூட்டை ஒன்று. புத்தக மூட்டை அதைவிடப் பெரியது. அது "அலைமுடி சூடியவள்" என்ற ஏழு பாகப் புதினம். பதினான்கு முதல் பத்தொன்பது வயதுவரை உள்ளவர்கள் அதைப் படித்து அழுவதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். கதாநாயகி நானாம்.

எட்டடிக் கோட்டைத் தாண்டி வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"ஒங்க கண்ணு ஊதா கலர்ல இருக்கும்னு போட்டிருந்துச்சே."

"புரை விழுந்திருக்கு. சாம்பல் கலர்."

"கடல்பாம்ப வாளால வெட்டுனது?"

"இந்த வீட்டுல எனக்குக் காய் நறுக்கவே கத்தி தர்றதில்ல."

"அப்போ இளவரசர்?"

"நம்ம நாட்டுல அரசரே கிடையாது, வடிவு. பள்ளிக்கூடத்துல சொல்லித் தரலையா?"

முகம் வாடிவிட்டது என்று நினைத்தேன். இல்லை. சற்று யோசித்துவிட்டு, "அடக்கமா இருக்கிய. மூணாம் பாகத்துல அப்படித்தான் போட்டிருக்கு," என்றாள்.

ஆனி 7

விடிந்ததிலிருந்து அடுத்த அறையில் பாட்டு. சுருதி சேரவே இல்லை.

ஆனி 9

இன்று வடிவுக்கு நூற்றுப் பன்னிரண்டு விதிகளையும் படித்துக் காட்டினார்கள். படியேறக் கூடாது. மாம்பழம், உப்பு, கோபம் மூன்றும் கூடாது. நீரில் இறங்கக் கூடாது, குளிப்பதற்குக்கூட ஈரத்துணிதான். பெற்றவர் உட்பட எவரும் தொடக் கூடாது. கடலைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அதற்குச் செல்லம் கொடுத்ததாகிவிடும். இதனால்தான் கடலுக்கு இருநூறு அடி தூரத்தில் இருக்கும் இந்த மாளிகையில் கடற்பக்கம் ஒரு சன்னல்கூட இல்லை.

ஒவ்வொரு விதிக்கும் வடிவு தலையசைத்தாள். நூற்றுப் பன்னிரண்டாவதற்கு அவள் கண்கள் பளபளத்தன. விதிகளைப் படித்த எழுத்தருக்கே கொட்டாவி வந்தது.

ஆனி 12

முதல் பாகத்தைக் கடன் வாங்கிப் படித்தேன். நான் புயலில் பாறைமீது நிற்கிறேன், கூந்தல் பறக்கிறது, இருபது பக்கங்களுக்குப் பறக்கிறது. ஆசிரியர் திறமையானவர். பறக்கும் கூந்தலுக்கு அவர் தேடிப் பிடித்த உவமைகளில் ஒன்றுகூட இருமுறை வரவில்லை. சிறையைப் பற்றி மட்டும் ஏழு பாகங்களிலும் ஒரு வரி இல்லை. மாளிகை என்று வருகிறது.

எனக்குப் பல்கலைக்கழகப் பட்டம் உண்டு என்பதை வடிவு நம்பவில்லை. புதினத்தில் அது இல்லையாம். சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைக் காட்டினேன்: நீரியல், முதுகலை, முதல் வகுப்பு. பேராசிரியர்கள் எட்டடிக்கு அப்பால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடம் நடத்தினார்கள். என் ஆய்வேடு, ஆழிமுனைக் கடலின் ஏற்றவற்றம் பற்றியது. கடலைப் பார்க்காமலேயே எழுதினேன். பல்கலைக்கழகத்தில் அது வழக்கத்துக்கு மாறானது அல்ல என்று என் பேராசிரியர் ஆறுதல் சொன்னார்.

"எத்தனையோ பாடம் இருக்க, இத ஏன் படிச்சிய?"

மற்ற பாடங்களில் இடம் நிரம்பிவிட்டது என்றேன்.

ஆனி 15

இவளை வீட்டுக்குத் துரத்தலாம் என்று ஒரு முயற்சி செய்தேன். கருணையினால் அல்ல, அந்தப் பாட்டு.

மாலை நடைக்கு அழைத்துப் போனேன். நடை என்பது கூடத்தைச் சுற்றி நாற்பது சுற்று. தரையில் என் பாதங்கள் தேய்த்த தடம் வாய்க்கால் போல இருக்கிறது. அதைக் காட்டினேன். எனக்கு முந்தைய நாயகி தேய்த்த தடம் அதற்குள்ளேயே இன்னும் ஆழமாகக் கிடக்கிறது. அதையும் காட்டினேன்.

வடிவு செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தடத்தில் பக்தியோடு நடந்தாள்.

"நீந்த மாட்டேன்னு நெனச்சாத்தான் ஒரு மாதிரி இருக்கு," என்றாள், முப்பதாவது சுற்றில். "எங்க உப்பளத்துக்கு வெளிய, கடலுக்குள்ள, ஒரு பார் உண்டு, பாறத் திட்டு. அதுவரைக்கும் ஒரே மூச்சுல போவேன். பயலுவளே பாதியில திரும்பிருவானுவ. தூரக் கரைக்குப் போற உப்புத் தோணியில வேல கேட்டிருந்தேன். தரேன்னாங்க. அதுக்குள்ள இது வந்துட்டு."

"தோணி வேலையே நல்லாத்தானே இருக்கு."

"தோணிக்கு ஆரு வேணும்னாலும் போலாம் ஆச்சி. ஊரக் காப்பாத்த ஒருத்திதானே போக முடியும்?"

பதினேழு வயதில் எல்லாருக்கும் இந்தக் கணக்கு நன்றாக வரும்.

ஆனி 18

வடிவின் தாய் பார்க்க வந்தாள். சடங்குக்கு முன் இதுவே கடைசி அனுமதி. கோட்டுக்கு அப்பால் நின்று, கொண்டுவந்த கருவாட்டுப் பொட்டலத்தைக் காவலனிடம் கொடுத்தாள். அவன் உப்பு என்று சொல்லிப் பறித்துக்கொண்டான். தாயும் மகளும் அதிகம் பேசவில்லை. "சாப்ட்டியாட்டி?" "சாப்ட்டேன்மா." "பாவாட எடுத்துட்டுப் போனியே, அந்த நீலம், அத இங்க உடுத்தலாமா?" "வெள்ளைதாம்மா இங்க." அவ்வளவுதான்.

புறப்படும்போது அந்தப் பெண்பிள்ளை என் பக்கம் திரும்பினாள். கைகூப்பவில்லை, அதை நான் கவனித்தேன்.

"நீங்க இங்க இருந்தவுக. எம்மவளுக்கு இங்க கஷ்டமா இருக்குமா?"

"சாப்பாடு நேரத்துக்கு வரும்," என்றேன்.

அவள் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் போனாள். மாலையில் நாடி எண்பத்தெட்டு. செங்கமலம் எழுபத்திரண்டு என்று எழுதிக் கொடுத்தாள். முப்பது ஆண்டுகளாக அவள் எழுபத்திரண்டைத் தவிர வேறெதையும் எழுதியதில்லை என்பது எனக்கு இன்றுதான் உறைத்தது.

ஆனி 20

சொல்லிவிட்டேன். காரணம் அந்தப் பாட்டுதான். இன்று காலை அதே அடியைப் பதினோரு முறை பாடினாள். பொறுக்க முடியவில்லை.

"வடிவு, இப்படி வந்து உக்காரு. நான் கடலுக்கு ஆணையிட்டதே இல்ல."

சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

நடந்தது இதுதான். எனக்குப் பதினாறு வயது. மறுநாள் கணக்குத் தேர்வு. பக்கத்து வீட்டுச் சேவல் வழக்கம்போல் நான்கு மணிக்கே கூவத் தொடங்கியது. எழுந்து சன்னல் வழியாகத் தலையை நீட்டி, "சேவலே, வாயை மூடு," என்றேன். என் வாழ்நாள் ஆணை முடிந்தது. சேவல் அதன்பின் கூவவே இல்லை. தொண்ணூற்றெட்டு மதிப்பெண் வாங்கினேன்.

அடுத்த ஆண்டு தேர்வுக்குழு எங்கள் தெருவுக்கு வந்தது. ஆணை செலவாகவில்லை என்பதற்கு அங்கே ஒரு சோதனையும் கிடையாது. செலவாகாச் சான்றிதழ் இருந்தால் போதும். கிராம அலுவலர் கையெழுத்து, இரண்டு சாட்சிகள், ஒரு முத்திரை. கிராம அலுவலர் தலை நிமிராமல் கையெழுத்திட்டார். என் தகப்பனார் எனக்கு நாற்பது வயது மாப்பிள்ளை ஒருவரைப் பார்த்து வைத்திருந்தார். நாயகியானால் கேட்ட படிப்பைத் துறையே வீட்டுக்கு வரவழைக்கும் என்று விதி இருந்தது. நான் விதிகளைப் படிக்கும் வழக்கமுள்ளவள். சடங்கன்று கடலைப் பார்த்து "நில்" என்றேன். அலை அடித்துவிட்டுத் திரும்பிப் போனது. ஊர் ஆரவாரித்தது.

"அப்போ... கடல ஆரு நிறுத்தி வச்சிருக்கா?"

"யாருமில்ல. வெளியே ஒரு பார் இருக்குன்னு நீதானே சொன்ன? அலையெல்லாம் அதுலயே உடைஞ்சுடும். என் ஆய்வேட்டுல நூத்து நாப்பதாம் பக்கம்."

வடிவு எழுந்து நின்றாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகத்தான் பேசினாள்.

"எங்கம்மா தினம் ஒங்க நாடியக் கேட்டுட்டுத்தான் உல வைப்பா. ஒவ்வொரு நாளும். அது தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்."

"ஒரு சேவலுக்காக."

"கணக்குத் தேர்வுக்காக," என்று திருத்தினேன். திருத்தியிருக்க வேண்டியதில்லை.

ஆனி 21

பாட்டு நின்றுவிட்டது. நல்ல அமைதி. படிக்க எடுத்த பக்கத்திலேயே மாலைவரை இருந்தேன்.

ஆனி 22

வடிவு இயக்குநரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக என் அறைக்கு அழைத்து வந்தாள். நான் என் தண்டனையை நாகரிகமாக ஏற்றுக்கொள்ளத் தலைவாரி உட்கார்ந்திருந்தேன்.

"ஐயா, இவுக கடலுக்குச் சொல்லவே இல்ல. சேவலுக்குச் சொல்லிட்டாவ. இத்தன வருசமும் ஊரே காவலில்லாமக் கெடந்திருக்கு. சடங்கு வரைக்கும் வேண்டாம், நான் இன்னைக்கே சொல்லிருதேன். கதவத் தெறங்க."

இயக்குநர் பதற்றப்படவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"தெரியும்மா."

"தெரியுமா?"

"சேவல்காரர் அப்பவே புகார் மனு கொடுத்திருக்கார். கோழிப் பண்ணை நஷ்டம், நடவடிக்கை தேவைன்னு. கோப்புல இருக்கு. நாயகியம்மா பொறுப்பேத்த மூணாம் மாசமே துறைக்குத் தெரியும்."

அவர் எனக்கு ஆறுதலாகத் தொடர்ந்தார்: "நீங்க மட்டும் இல்லம்மா. உங்களுக்கு முந்தினவங்க சாவிக்கொத்துகிட்ட 'தொலையாதே'ன்னு சொல்லியிருந்தாங்க. சாகறதுக்கு முன்னாடி அவங்களே எழுதிக் கொடுத்தாங்க. அவங்களுக்கும் முந்தி ஒருத்தர் உண்மையாவே கடலுக்குத்தான் சொன்னாங்க. அந்த நாப்பது வருஷப் பதிவையும் பார்த்தாச்சு. ஒரு வித்தியாசமும் இல்ல."

"அப்புறம் எதுக்கு ஆள உள்ள வச்சுப் பூட்டுதிய?" வடிவு வாசலைக் காட்டிக் கேட்டாள்.

"கடல் வராதுன்னு யாரும்மா கையெழுத்துப் போடுவா? நான் போட முடியுமா? நாளைக்கே ஒரு அலை பெருசா வந்து ஒருத்தர் வேட்டி நனைஞ்சா, முதல் கேள்வி, யார் கையெழுத்துன்னுதான். உள்ள ஒரு நாயகி இருந்தா அந்தக் கேள்வியே வராது." பிறகு தகப்பனைப் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீ பயப்படாத. சடங்குல நீ சொன்னாலும் சரி, சொல்லாட்டியும் சரி. உள்ள இருந்தாப் போதும்."

வடிவு அவரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். நாங்கள் இருவரும் ஒரே ஜாடை என்று தோன்றியிருக்க வேண்டும்.

ஆனி 23

இன்று நான் மோர் குடிக்கவில்லை.

ஆனி 24

ஒவ்வொரு புயல் மாதத்திலும் எனக்கு வயிற்றுக்கோளாறு வரும். காற்று வீசும் நாளெல்லாம் உண்ண முடியாது. படுத்தாலும் ஒன்றுதான், எழுந்தாலும் ஒன்றுதான். அதைக் காற்றின் ஈரப்பதத்தோடு தொடர்புபடுத்தித் துறை மருத்துவர்கள் மூன்று கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். ஐம்பத்தொன்பது புயல் மாதங்கள். பூவராகன் என்றேனும் ஒருநாள் எட்டடிக் கோட்டில் நின்று, "அம்மா, சேவல் விஷயம் எங்களுக்குத் தெரியும், நிம்மதியா இருங்க," என்று சொல்லியிருக்கலாம். அதற்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

சொல்வதற்கான படிவம் இல்லைபோலும்.

ஆனி 28

வடிவு மிகவும் அடங்கிவிட்டாள். சடங்கு ஒத்திகையில் ஒரு பிழையும் இல்லை. எந்த இடத்தில் நிற்பது, எப்போது கைகூப்புவது, எல்லாம் கச்சிதம். இயக்குநர் மகிழ்ந்துபோய் அவளுக்கு ஒரு வெள்ளரிக்காய் கூடுதலாக ஒதுக்கினார். புதினத்தின் ஏழு பாகங்களையும் அவள் சமையற்காரரிடம் கொடுத்துவிட்டாள். அடுப்பெரிக்க உதவும் என்றாளாம்.

நான் பேச்சுக் கொடுத்தேன். "உனக்குப் பிடிக்கலைன்னா இப்பவே எதுக்காவது உன் ஆணையைச் சொல்லிட்டு ஓடிடு. ஒரு கரண்டிகிட்ட சொல்லு. சட்டிகிட்ட சொல்லு."

"சொல்லிட்டா விட்டுருவாவளா? சேவலுக்குச் சொன்ன ஒங்கள விட்டாவளா?"

சரியான வாதம். தர்க்கத்தில் இவளுக்கு நல்ல எதிர்காலம் உண்டு. எதிர்காலம் என்ற ஒன்று இருந்தால்.

"நானும் போயிட்டா, அடுத்த தெருவுல எவளையாச்சும் பிடிப்பாவ," என்றாள். "அவளுக்கு எத்தன வயசிருக்கும்? பதினேழு."

ஆடி 1

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு மாளிகையின் ஒரே வாசலைத் திறந்தார்கள். தலைமுறைக்கு ஒருமுறைதான் இரண்டு கதவுகளும் முழுமையாகத் திறக்கும். வெளியே மணல், மணல் நிறைய மக்கள், அவர்களுக்கு அப்பால் கடல். என்னை வாசலோரம் நாற்காலியில் உட்காரவைத்து, கடலைப் பார்த்துவிடாதபடி கண்களைப் பட்டுத் துணியால் கட்டினார்கள். ஆகவே முதல் பகுதி நான் கேட்டது மட்டும்.

மேளம் நின்றது. இயக்குநர் ஒலிபெருக்கியில் பேசினார், நீளமாகவே பேசினார். பிறகு வடிவை வாசற்படிக்கு அழைத்தார்கள். அவள் சொல்ல வேண்டியது இரண்டே சொற்கள்: "கடலே, நில்." மக்கள் மூச்சுவிடுவதை நிறுத்தினார்கள். இருபதாயிரம் பேர் மூச்சு விடாமலிருந்தால் அலைச் சத்தம் எவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்பதை முதன்முறையாக அறிந்தேன்.

வடிவின் பாதம் படியில் கிடந்த மணலில் திரும்பும் ஓசை. அவள் குரல் எனக்கு மிக அருகில் கேட்டது.

"வாசலே, திறந்தே கிட."

அவ்வளவுதான்.

சற்று நேரம் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு இயக்குநர், "மூடு! மூடு!" என்று கத்தினார். அது ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்டது. காவலர்கள் ஓடினார்கள். முனகல், வழுக்கல், ஒருவன் விழும் சத்தம். நான் பட்டுத் துணியை அவிழ்த்தேன். எவரும் தடுக்கவில்லை, எல்லாரும் கதவைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு பேர் தள்ளினார்கள். கதவு அவர்களைப் பொருட்படுத்தவில்லை.

கடல் என் நினைவில் இருந்ததைவிடப் பழுப்பாக இருந்தது.

"என்ன பண்ணிட்ட நீ!" என்றார் இயக்குநர்.

"சொன்னாலும் சரி, சொல்லாட்டியும் சரின்னிய. சொல்லிட்டேன்," என்றாள் வடிவு. "நான் உசுரோட இருக்கிறவரைக்கும் இது மூடாது. எங்க வீட்டுல எல்லாரும் நூறத் தாண்டுவோம். நீங்களே கணக்குப் பாத்துத்தான எடுத்திய?"

ஆடி 2

காலையில் தச்சர்கள் வந்து கதவுகளைக் கழற்றிவிட்டுப் புதிய கதவு மாட்டினார்கள். அதுவும் மூட மறுத்தது. ஆணை கதவுக்கு அல்ல, வாசலுக்கு. நண்பகலில் கொத்தனார்கள் செங்கல் அடுக்கினார்கள். மூன்றாவது வரிசை எழும்போதெல்லாம் சுவர் அலுத்துப்போனதுபோல உட்கார்ந்துவிட்டது. மாலையில் ஒரு யானையைக் குறுக்கே நிறுத்திப் பார்த்தார்கள். யானை சற்று நேரம் நின்றுவிட்டு, நாகரிகமாக நகர்ந்துகொண்டது. இந்த நாட்டில் என் மதிப்பைப் பெற்ற முதல் அரசு ஊழியர் அது.

வடிவை என்ன செய்வது என்று விதிகளில் தேடினார்கள். ஆணையைச் செலவிட்டவள் நாயகியாகத் தகுதியற்றவள் என்று மட்டும் இருக்கிறது. கொல்லவும் முடியாது, துன்புறுத்தவும் பயம். அவள் செத்தால் வாசல் மூடிக்கொள்ளுமே என்று ஒருவர் யோசனை சொன்னாராம். அதற்கு யார் கையெழுத்துப் போடுவது என்று இன்னொருவர் கேட்டாராம். மாலை வண்டியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஆளைத் தேடும் பணி காலவரையின்றி ஒத்திவைப்பு. திறந்த வீட்டில் யாரையும் அடைத்து வைப்பது நிர்வாக ரீதியாகச் சிக்கலானது.

போகும்போது வடிவு என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. நியாயந்தான்.

ஆடி 3

வாசல் திறந்திருக்கிறது. காவலர்கள் இல்லை. ஆனால் நான் வெளியேற முடியவில்லை.

மக்கள் நிற்கிறார்கள். நூறு பேர், இருநூறு பேர்; முறை வைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள். கைகளைக் கூப்பி, கண்ணீர் மல்க, மிகுந்த மரியாதையோடு. நான் படிக்கு வந்தால், "உள்ள போங்கம்மா, எங்க பிள்ளைகுட்டிய நெனச்சுப் பாருங்கம்மா," என்கிறார்கள். காவலர்களுக்காவது ஊதியம் உண்டு. இவர்கள் இலவசமாகச் செய்கிறார்கள்.

சேவல் கதையைச் சொன்னேன். உரத்த குரலில், தேதியோடு சொன்னேன். ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம், "வயசாயிட்டு, பாவம்," என்றாள்.

ஆடி 4

இன்று நண்பகலில் வெளியே போனேன். திட்டம் எதுவும் இல்லை. செங்கமலம் செருப்பை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கூடவே வந்தாள். தான் என்ன செய்கிறோம் என்று அவள் யோசித்ததாகத் தெரியவில்லை.

கூட்டம் வழிவிடவில்லை. கூப்பிய கைகள் ஒரு வேலியாக நின்றன. அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து, கடலுக்குள்ளிருந்து, ஒரு குரல் வந்தது. தண்ணீரில் தேங்காய் மிதப்பதுபோல ஒரு தலை.

"ஆச்சி! கைய எடுத்துக் கும்பிடுதவன் கையால தடுக்க முடியாது! நேரா வாங்க!"

வடிவுதான். உண்மையில் சரியான கவனிப்பு. கூப்பிய கைகளை யாரும் பிரிக்கத் துணியவில்லை; பிரித்தால் அவமரியாதை. என்னைத் தொடவும் கூடாது. நான் நடந்தேன், அவர்கள் பின்வாங்கினார்கள். அழுதுகொண்டே பின்வாங்கினார்கள். மணல் சுட்டது. வெயில் கண்ணைக் குத்தியது. முழங்கால் இரண்டும் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லின. ஒருமுறை நின்றேன், களைப்பினால் என்று செங்கமலத்திடம் சொன்னேன்.

"இன்னும் ரெண்டடி ஆச்சி! ரெண்டே அடி!"

அலை வந்தது. கணுக்கால்வரை ஏறியது. எதிர்பார்த்ததைவிடக் குளிர்ச்சி. பிறகு திரும்பிப் போனது. என் ஆய்வேட்டின்படி அது செய்ய வேண்டியதை அப்படியே செய்தது.

எனக்குப் பின்னால் ஒரு பெரும் ஓசை. திரும்பினேன். கூட்டம் முழுவதும் மணலில் குப்புற விழுந்திருந்தது.

"பாத்தியா! காலத் தொட்டுட்டுத் திரும்பிட்டு! நாயகி காலத் தொட்டுட்டுத் திரும்பிட்டு!"

நாள் முழுவதும், நண்டுகளின் காலையும் தொட்டுவிட்டுத்தான் அது திரும்பிக்கொண்டிருக்கிறது. நண்டுகளை எவரும் விழுந்து வணங்கவில்லை. இதை நான் சொன்னேன். அதையும் ஒரு திருவாக்காக ஒருவர் குறித்துக்கொண்டார்.

அரைமணி நேரத்தில் இயக்குநர் வந்துவிட்டார். மூச்சு வாங்கியது, முகத்தில் புதிய ஒளி. எட்டடி தூரத்தில் நிற்க மறந்துவிட்டார்.

"அம்மா, இதுதான் தீர்வு. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு நீங்க வந்து நின்னாப் போதும். கடல் வந்து கும்பிட்டுட்டுப் போகும். குடை, நாற்காலி எல்லாம் துறை ஏற்பாடு. ராத்திரி மட்டும் மாளிகையில தங்கிக்கலாம்."

"நாளைக்கு நாலு மணிக்கு நான் இங்க இருக்க மாட்டேன்."

"வேற எங்கம்மா போவீங்க?"

எழுபத்தாறு வயதில் இப்படியொரு கேள்விக்கு விடை தெரியாமல் நிற்பது வெட்கக்கேடு. முதுகலை, முதல் வகுப்பு. வடிவு கரையேறி வந்து, தலைமுடியைப் பிழிந்து அவருடைய காலணிமீது தண்ணீரைச் சொட்டவிட்டாள்.

"உப்பளத்துக்கு வாராவ. எங்கம்மா கூட்டியாரச் சொன்னா." என் பக்கம் திரும்பினாள், முகத்தில் சிரிப்பு இல்லை. "சோறு போட இல்ல. 'சாப்பாடு நேரத்துக்கு வரும்'னு அவகிட்டச் சொன்னியளாமே. அன்னையிலருந்து ஒங்களத் திட்டணும்னு வச்சிருக்கா. நல்லா வாய்விட்டுத் திட்டுவா. கேட்டுக்கிடணும்."

என்னை இதுவரை வணங்கியவர்கள் ஏராளம். திட்டுவதற்கென்று காத்திருப்பவர் இந்த ஊரில் ஒருவர்தான்.

முதல் வண்டி காலை ஆறரைக்காம். போய் இரண்டு சேலைகளை மடித்து வைக்க வேண்டும்.